எரேமியா 17:5-ஐ எடுக்கும் முன்: ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களே, ஊழியர்களே, சபை மூப்பர்களே,

ஸ்தோத்திரம்.

வேதாகமத்தின் இரண்டு வசனங்களைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். எது எப்போது வரும் என்பது எங்களுக்கு மனப்பாடம். காணிக்கைக் கணக்கை ஒருவர் கேட்டுவிட்டால் 2 நாளாகமம் 20:20 வரும்: "அவருடைய தீர்க்கதரிசிகளை நம்புங்கள், அப்பொழுது சித்திபெறுவீர்கள்." ஊழியர் ஒருவரால் காயப்பட்டு அதே ஆள் அழுதுகொண்டு வந்தால் எரேமியா 17:5. மனுஷன்மேல் நம்பிக்கை வைத்தவன் சபிக்கப்பட்டவன். ஆக, நம்பச் சொன்னதும் நீங்கள்தான், நம்பியது தப்பு என்பதும் நீங்கள்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்குள் ஒரு சிக்கல். ஒரு ஊழியரிடம் மட்டும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்மா" என்று சொல்லித்தான் கேட்டார். அடுத்த உபவாசக் கூட்டத்தில் அது, எல்லாரும் ஜெபிக்கும்படி மேடையில் வாசிக்கிற ஜெபக்குறிப்பாக வந்தது. பேர் வரவில்லை, "நம் சபையில் ஒரு குடும்பம்" என்றுதான். முன்வரிசையில் மூன்று தலைகள் என் பக்கம் திரும்பின. போய்க் கேட்டேன். "மனுஷனை நம்பாதீங்கம்மா, கர்த்தரை நம்புங்க" என்றார். ஒரு மன்னிப்பு போதுமாயிருந்தது. வசனம்தான் கிடைத்தது.

வசனத்தையாவது முழுதாகச் சொல்லியிருக்கலாம். "கர்த்தரை விட்டு விலகுகிற இருதயமுள்ள மனுஷன்" என்று அது போகிறது. கர்த்தரை உதறிவிட்டு ஆள்பலத்தில் ஒதுங்குகிறவனைப் பற்றிய பேச்சு அது. சொன்னதைக் காப்பார் என்று நினைத்து ஒருவரிடம் மனம் திறந்தவளைப் பற்றியதல்ல.

அதை எழுதிய எரேமியா தீர்க்கதரிசியே 38-ஆம் அதிகாரத்தில் ஒரு துரவுக்குள், கிணறு போன்ற குழிக்குள், கிடக்கிறார். உள்ளே தண்ணீர் இல்லை, உளைச் சேறு. அதில் அமிழ்ந்துகொண்டிருக்கிறார். அரமனையில் இருந்த எத்தியோப்பியர் எபெத்மெலேக் ராஜாவிடம் பேசி ஆட்களோடு வருகிறார். கயிறு மட்டும் கொண்டுவரவில்லை, கந்தைத் துணியும் எடுத்து வருகிறார். இதை அக்குளில் வைத்து, அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும் என்கிறார். இழுக்கும்போது சதை அறுபடக் கூடாதே! அந்தத் துணியை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். மேலே நிற்பவன் மனுஷன்தானே என்று எரேமியா கயிற்றைத் தள்ளவில்லை. சொன்னபடி செய்தார், தன் முழுப் பாரத்தையும் அதில் போட்டார். அடுத்த அதிகாரத்தில் எபெத்மெலேக்குக்குக் கர்த்தர் சொல்லி அனுப்புகிறார்: நீ என்னை நம்பினாய், தப்புவாய் என்று. கர்த்தரை நம்பினவரிடம் இன்னொரு மனுஷன் தன்னை நம்பி ஒப்புக்கொடுக்க முடிந்தது. எங்களுக்குப் புத்தி சொல்லும் முன் உங்கள் கையில் அந்தத் துணி இருக்கிறதா என்று பாருங்கள்.

இயேசுவே மனுஷரை நம்பி இணங்கவில்லையே என்பீர்கள். யோவான் 2:24, தெரியும். எருசலேமில் அற்புதங்களைப் பார்த்து விசுவாசித்த கூட்டம் அது. அதே இயேசு, பிடிபட்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில் தம் சீஷர் மூன்று பேரை அழைத்துக்கொண்டு போய், "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டார். தூங்கிவிட்டார்கள். உங்களை நம்பியது என் தப்பு என்று அவர் சொன்னதாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை.

கணக்கு விஷயத்துக்கு 2 கொரிந்தியர் 8 போதும். பரிசுத்தவான்களுக்குச் சேர்த்த பணத்தில் ஒருவரும் குற்றம் சொல்ல இடம் வரக்கூடாது என்று, சபைகள் நியமித்த ஒரு சகோதரரைப் பவுல் கூடச் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் இருக்க வேண்டும் என்றார். கேள்வி கேட்டவரை அவிசுவாசி என்று அவர் ஓரங்கட்டவில்லை.

நான் சபைக்கு வருவதை நிறுத்தவில்லை. ஜெபக்குறிப்புச் சீட்டு என் கைக்கு வரும்போது மட்டும், "பொதுவான ஆசீர்வாதத்துக்காக" என்று எழுதி நாலாக மடித்துக் கொடுக்கிறேன். அதையும் மேடையில் வாசித்து ஜெபிக்கிறார்கள்.

கிறிஸ்துவுக்குள்,
ஒரு விசுவாசி