காக்கைக்கு வலை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த டோக்கியோ பயணக் கட்டுரையை வரி விடாமல் படித்தேன். ஷிபுயா நாற்சந்தியும் ராமென் கடை வரிசையும் நன்றாகவே வந்திருந்தன. ஆனால் தெருவில் ஒரு குப்பைத்தொட்டிகூட இல்லை, இருந்தும் ஒரு காகிதம் கிடக்கவில்லை, ஒழுக்கம் இவர்கள் ரத்தத்தில் ஊறியது என்று எழுதியிருந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருடமாக இதே டோக்கியோவில், நிஷிகசாய் பகுதியில் குடியிருக்கிறேன். ரத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் தெருமுனையில் கிடக்கும் வலையைப் பற்றித் தெரியும்.

முதலில் தொட்டி விஷயம். அவை முன்பு இருந்தவைதாம். 1995 மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டத்தார் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பினார்களே, அதற்குப் பிறகுதான், தொட்டிக்குள் யாராவது எதையாவது ஒளித்துவைப்பார்களோ என்று பயந்துபோய் ரயில் நிலையங்களிலும் பொது இடங்களிலும் எடுத்தார்கள். வெளியில் வாங்கித் தின்றால் உறையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். எல்லாருமா என்றால், இல்லை. குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் காலி பாட்டில் போட வட்ட ஓட்டை வைத்த பெட்டி இருக்கும். அதற்குள் காபிக் கோப்பையை நசுக்கித் திணித்துவிட்டு நடையைக் கட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, வலைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் எரிக்கக்கூடிய குப்பையை எடுக்க வாரம் இரண்டு நாள் லாரி வரும். காலை எட்டு மணிக்குள் பையைத் தெருமுனையில் வைத்து, மேலே நீல வலையை இழுத்து மூடவேண்டும். எல்லாம் காக்கைக்குப் பயந்துதான். இந்த ஊர்க் காக்கை உருவத்தில் பெரிது, அலகும் தடிமன். வந்த புதிதில் ஒருநாள் அவசரத்தில் வலையின் ஓரத்தைச் சரியாக இழுத்துவிடவில்லை. அரை மணி நேரத்தில் முருங்கைக்காய்ச் சக்கையும் டீத்தூளும் தெரு நீளத்துக்கும் இறைந்துவிட்டன. அந்த வரிசையில் முருங்கைக்காய் தின்கிறவர்கள் எங்களை விட்டால் யார்? எதிர்வீட்டுப் பாட்டி, எண்பதுக்குக் குறையாது, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். திட்டவில்லை. ஒரு சக்கையைத் தூக்கிப் பிடித்து, "இது மூங்கிலா?" என்றார். அப்புறம் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வலையின் ஓரத்தில் எங்கெங்கே பாரம் வைக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்கு இது மனசு ஒப்பவே இல்லை. அமாவாசையன்று காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் சாப்பிடாதவர். "பித்ருக்களுக்கே வலை போடுறீங்களேடி" என்றார்.

இன்னொன்று. சந்துகள் குறுகலாக இருந்தும் நடக்கத் தாராளமாக இருக்கின்றன என்று கட்டுரையாளர் வியந்திருந்தார். உண்மைதான், காரணத்தை விட்டுவிட்டார். 1962-இல் வந்த சட்டம் ஒன்று உண்டு. டோக்கியோ போன்ற நகரத்தில் காரைப் பதிவு செய்யவேண்டுமானால், நிறுத்துவதற்கு இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்கியாகவேண்டும். ராத்திரியில் தெருவோரம் விட்டுவைக்கவும் முடியாது. அதனால் சந்தில் மிஞ்சுவது பூந்தொட்டிகளும், முன்னும் பின்னும் பிள்ளை இருக்கை வைத்த சைக்கிள்களும்தான்.

எங்கள் சந்தில் குப்பை வைக்கும் இடத்தைப் பெருக்குவது தெருக்காரர்களேதான். முறைப்பலகை ஒன்று வீடு வீடாக நகரும். யார் வாசலில் அது தொங்குகிறதோ, அவர்கள் அந்த வாரம் லாரி போனபின் இடத்தைக் கழுவி வலையை மடித்துவைக்கவேண்டும். வாடகைக்கு வரும் இளவட்டங்கள் பலர் தெருச் சங்கத்தில் சேருவதில்லை, ஆகவே முறை முன்னைவிடச் சீக்கிரம் சுற்றி வருகிறது. பாட்டியும் போன வருடம் மகள் வீட்டோடு போய்விட்டார்.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த தடவை வந்தால் காலை ஏழரை மணிக்கு ஒருநாள் வெளியே வந்து பார்க்கட்டும். இந்த வாரம் வந்திருந்தால் துடைப்பமும் கையுமாக என்னைத்தான் பார்த்திருப்பார். பலகை எங்கள் வாசலில் தொங்குகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நிஷிகசாய், டோக்கியோ