சிவப்புக் கோடு போட்டவர்களுக்கும் அழித்தவர்களுக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கணினியில் எழுதும்போது பிழையான சொல்லின் அடியில் சிவப்புக் கோடு போடும் நம் தமிழ்ச் சொல்திருத்திக்கு இன்னொரு வருடம் முடிகிறது. நிரல் எழுதியவர்களின் பெயர் மூலநிரலோடு தானாகவே பதிவாகிவிடும். மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் இந்த மடல், ஒரு வரி நிரலும் எழுதாமல் இந்தத் திட்டத்தை நகர்த்தியவர்களுக்கு.

முதல் நன்றி, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைபடிப்பானின் துணையோடு கணினியில் புழங்கும் பார்வையற்ற நண்பருக்கு. "கட்டுரையில் வரும் கெளரவத்தை என் கணினி கெ, ள, ர என்று பிரித்து வாசிக்கிறது, உங்கள் திருத்தி பேசாமல் இருக்கிறதே" என்று கேட்டு எழுதியிருந்தார். 'கௌ' இருக்க வேண்டிய இடத்தில் கெ, ள என்று இரண்டு எழுத்துகள்! பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் இரண்டும் வேறு வேறு. திருத்தியின் சொற்பட்டியலுக்காக இணையத்தில் சொல் திரட்டினால் மெளனம், பெளர்ணமி எல்லாம் இப்படித்தான் கூடவே வந்து ஏறிக்கொள்ளும். சரி, மொத்தமாக மாற்றிவிடலாமே என்றால் தெளிவும் கெளுத்தியும் சேர்ந்து உடையும். ளகரத்தின் மேல் புள்ளியோ, உயிர்மெய்க் குறியோ இல்லாத இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றையும் ஆள் பார்த்த பிறகே மாற்றினோம். கண்ணால் பார்த்தவர்கள் யாருக்கும் சிக்காத பிழை, காதால் கேட்டவரிடம் சிக்கியது.

அடுத்து, தமிழாசிரியர்களும் மெய்ப்புப் பார்ப்பவர்களும். நம் திருத்திக்கு அடியில் ஓடும் ஹன்ஸ்பெல் என்ற மென்பொருள், ஹங்கேரிய மொழியை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதுவும் நம்மைப் போல விகுதி மேல் விகுதி அடுக்கும் மொழி என்பதால் நமக்கு ஓரளவு தோது. வீட்டை, வீட்டிலிருந்தும், வீடுகளுக்குள்ளேயே என்று ஒவ்வொன்றையும் பட்டியலில் போட்டு மாளாது. வேர்ச்சொல்லும் விகுதி விதியும் போதும். ஆனால் எந்தச் சொல் எந்த விதியில் சேரும் என்று யாராவது சொல்ல வேண்டுமே? நாடு என்றால் நாட்டை, வண்டு என்றால் வண்டை. இப்படி ஒவ்வொரு சொல்லாக வகை பிரித்துக் கொடுத்தது அவர்கள்தான். அலுப்பூட்டும் வேலை, முணுமுணுப்பே இல்லாமல் செய்தார்கள். (கொஞ்சம் முணுமுணுத்தார்கள். அதுவும் நியாயம்தான்.)

லிப்ரெஆபிஸ் எழுதியிலும் பயர்பாக்ஸ் உலாவியிலும் திருத்தியைப் போட்டுப் பார்த்துப் பிழை சொன்ன மாணவர்களுக்கும், வழங்கிச் (சர்வர்) செலவைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நம்முடையது சின்னக் கோப்பு. பழைய கணினியில், இணையம் இல்லாமலே ஓடும். எழுதுகிற கடிதம் கணினியை விட்டு வெளியே போகாது. எனக்கு இந்தக் காரணங்களே போதும்.

வரும் வருடத்தில் சந்திப்பிழையைத் தொடப் போகிறோம். இதுவரை தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. ஹன்ஸ்பெல் ஒவ்வொரு சொல்லையும் தனியாகத்தான் பார்க்கும். ஒற்று மிகுமா என்பதை அடுத்த சொல்லைப் பார்க்காமல் சொல்ல முடியாது. 'அதைப் பார்த்தேன்' போன்றவை சுலபம். 'வேலை கொடுத்தான்' என்றால் உத்தியோகம், 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையில் பிடிக்கும் வேல். இரண்டும் சரியான தமிழ். எழுதியவர் எதை நினைத்தார் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அதனால் ஐயம் உள்ள இடத்தில் கோடு போடாமல் விடுவது என்றே இப்போதைக்கு முடிவு. தேவையில்லாத சிவப்புக் கோடு நாலு வந்தால் ஆட்கள் திருத்தியையே அணைத்துவிடுகிறார்கள்.

அப்புறம், கைப்பேசி விசைப்பலகைக்கும் இதே சொற்பட்டியலைக் கொண்டுபோகும் யோசனை இருக்கிறது. அது சந்தி வேலைக்குப் பிறகுதான்.

ஒற்று மிகும், மிகா இடங்களுக்கான எடுத்துக்காட்டு வாக்கியங்கள் நிறைய வேண்டும். பாடநூல் வாக்கியங்கள் வேண்டாம். நீங்கள் அன்றாடம் எழுதுவதையே அனுப்புங்கள், பிழையோடு இருந்தால் இன்னும் நல்லது.

நன்றியுடன்,
சொல்திருத்திக் குழுவின் சார்பில்