இரண்டு தட்டுக்கு ஒரு நன்றி

மழலையர் வகுப்பு டீச்சருக்கும், இந்தச் சில மாதங்களில் எங்களைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும்,

வணக்கம். என் மகன் வகுப்பில் பேசாமலே இருந்த கதை உங்களுக்கே தெரியும். அதைத் திரும்பக் கிளற எனக்குத் தெம்பில்லை. நேற்று அவன் வகுப்பில் வாய் திறந்து பேசினான் என்று செய்தி வந்ததிலிருந்து எதுவும் ஓடவில்லை. இந்தப் படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் வாய் ஓயாத பிள்ளை வகுப்பில் மட்டும் பேசாமலிருப்பது பிடிவாதமல்ல, பதற்றம் என்று பொறுமையாகப் புரியவைத்த பேச்சுப் பயிற்சியாளருக்கும், தினமும் வாசலில் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போன அக்காவுக்கும், "இன்னுமா பேசவில்லை?" என்று ஒருநாளும் கேட்காத மற்ற பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி டீச்சர், உங்களுக்கு.

காலையில் பேர் கூப்பிடும் நேரம்தான் அவனுக்குக் கண்டம். எல்லாரும் "உள்ளேன் டீச்சர்" என்று கத்துவார்கள். இவன் பேர் வந்ததும் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அவன் பேரைக் கூப்பிடாமலே நீங்கள் வருகையைக் குறித்திருக்கலாம். பேசாமல் கை தூக்கினால் போதும் என்று அவனுக்கு மட்டும் சலுகை கொடுத்திருக்கலாம். இரண்டுமே அன்பில் செய்வதுதான், ஆனால் இரண்டும் அவனைத் தனியாகக் காட்டிக்கொடுத்திருக்கும். நீங்கள் விதியையே எல்லாருக்கும் மாற்றினீர்கள். "இனிமேல் யாரும் வாயால் பதில் சொல்லக் கூடாது. ஆளுக்கொரு சத்தம் கண்டுபிடியுங்கள்" என்றீர்களாம். ஒருத்தி விரலைச் சொடுக்கினாளாம், ஒருவன் தரையில் காலை உதைத்தானாம், இன்னொருவன் கன்னத்தை ஊதி வெடித்தானாம். என் மகன் மேசையை இரண்டு தட்டு தட்டினான். நீங்கள் தலை நிமிராமல் வருகைப் பதிவேட்டில் குறித்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டீர்கள். பாராட்டு இல்லை, கைதட்டல் இல்லை. அங்கே நின்று ஒரு "சபாஷ்" சொல்லியிருந்தால் மறுநாள் அதுவும் நின்றுபோயிருக்கும் என்று இப்போது புரிகிறது.

ஒரு வாண்டு, "அவனுக்குப் பேசத் தெரியாது டீச்சர்" என்றபோது, "தெரியுமே, வேண்டும்போது பேசுவான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு பொம்மைக் கூடையை இருவருக்கும் நடுவில் தள்ளி வைத்தீர்களாம். பிறகு நீங்களும் தரையில் உட்கார்ந்து, அவனிடம் எதுவும் கேட்காமல், உங்கள் கட்டைகளை நீங்களே அடுக்கிக்கொண்டு, "ஐயோ, இது சாயுதே" என்று உங்களுக்கே பேசிக்கொண்டிருந்தீர்களாம்.

அவன் எப்போதும் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று நான் அழுதபோது, வேடிக்கை பார்ப்பதும் கலந்துகொள்வதில் ஒரு வகைதான் என்றீர்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-இலேயே பாலர் பள்ளிக் குழந்தைகளைக் கவனித்து, தனியாக ஆடுவது, வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு ஆடுவது, கலந்து ஆடுவது, சேர்ந்து ஒழுங்கமைத்து ஆடுவது என்று பிரித்து எழுதியதைச் சொன்னீர்கள். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

படைப்பாற்றல் என்றால் சுவரெல்லாம் வண்ணப் படமும் விழாவுக்குக் காகிதப் பூவும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். ஆசிரியர் பயிற்சியிலும் கைவேலைக்குக் கிடைக்கும் இடம் நீங்கள் செய்தது போன்ற யோசனைக்குக் கிடைக்குமா என்று தெரியவில்லை. ஒரு குழந்தை கூசிப்போகாமல் இருக்க வகுப்பின் விதியை நின்ற நிலையில் மாற்றத் தோன்றுவது பெரிய கற்பனை. அதை மற்ற குழந்தைகள் விளையாட்டாக ஏற்கும்படி செய்தது அதைவிடப் பெரிய திறமை. அத்தனை குழந்தைகளின் முகத்தையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டிய வேலை இது. "சும்மா பிள்ளைகளோடு விளையாடுகிற வேலைதானே" என்று யாராவது இனி என் முன்னால் சொல்லட்டும், அப்புறம் இருக்கிறது.

சரி, நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்புக்கு இன்னொரு உதவி ஆசிரியர் வேண்டும் என்று நீங்கள் கேட்டு வருகிறீர்கள் அல்லவா, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதை நான் எழுந்து கேட்பேன். கூட வருவதாக மூன்று பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். மாலையில் வாசலில் அவனிடம் "இன்று பேசினாயா?" என்று கேட்கவே மாட்டேன்; உங்களிடமும் கேட்க மாட்டேன். வீட்டில் சேர்ந்துகிடக்கும் அட்டைப் பெட்டிகளைத் திங்கட்கிழமை கொண்டு வருகிறேன், எங்கே வைப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அவனுடைய அம்மா