பால் குடித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

"பிள்ளை சோறு தொடுறானில்லை, பால்தான் குடிக்கிறான்" என்று தாய்மார் குறைப்படுவதை யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் அடிக்கடி கேட்கிறேன். போத்தல் போத்தலாகப் பால் குடித்த பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்? பாலில் கல்சியமும் புரதமும் தாராளம். இரும்புச்சத்தோ மிகக் குறைவு. பால் அளவுக்கு மிஞ்சினால் மற்ற உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதையும் அது குறைக்கும். ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசுப்பால் கூடாது. அதன்பின் நாளுக்கு 500 மில்லிலீற்றருக்குள் போதும், அதுவும் கோப்பையில். பால் தேத்தண்ணியில் பிஸ்கட் தோய்த்து ஊட்டுவது இன்னும் மோசம்; தேயிலையும் இரும்பைத் தடுக்கும். மீன், முட்டை, பயறு, வேலியில் நிற்கும் முருங்கையின் இலை பிசைந்த சோறு முதலில் வயிற்றுக்குள் போகட்டும். கிளினிக்கில் நிறை பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள், பிள்ளை நாளுக்கு எத்தனை போத்தல் குடிக்கிறது என்றும் தாயிடம் கேட்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.