நீ போனிலை சொன்ன ஒரு வசனம்

கோண்டாவில்
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான்,

இஞ்சை எல்லாரும் சுகம். நீயும் வீட்டுக்காரியும் பிள்ளையளும் சுகமாயிருக்க வேணும். அம்மாவுக்குப் பிரஷர் இப்ப பரவாயில்லை, உன்னை விசாரிச்சவ. நெட்டையன் கடையைப் பூட்டிப்போட்டு வவுனியாவுக்குப் போட்டான், உன்ரை காசை இனி மறந்திடு. மாஸ்டரின்ரை திவசத்துக்குப் பழைய பெடியள் எல்லாரும் வந்தவங்கள், நீதான் இல்லை. சரி, சுகசேதி முடிஞ்சுது. இனி விசயத்துக்கு வாறன். வாட்ஸப்பிலை தட்டித் தீராத விசயம், அதுதான் இருந்து எழுதுறன்.

அண்டைக்கு ஸ்பீக்கரிலை போட்டுக் கதைச்சனாங்கள், ஞாபகமிருக்கே? மருமகன் பக்கத்திலை இருந்தவன், கொம்பியூற்றர்ச் சிமியுலேற்றரிலை பிளேன் ஓடிப் பழகிறவன். செஸ்னா எண்ட சின்னப் பிளேனை ஓடின புழுகத்திலை நீ சொன்னனி, "சிமியுலேற்றரை விட நெசப் பிளேன் எவ்வளவோ சுகம் மச்சான்" எண்டு. அந்த ஒரு வசனத்தாலை தங்கச்சியின்ரை கைதடிக் காணி விலைப்படப் போகுது.

பகிடி இல்லையடா. ஏ.எல். எடுத்து முடிச்ச நாளிலையிருந்து பெடி பைலற் படிப்பு எண்டுதான் நிக்கிறான். முந்தித் தகப்பனோடை கதைக்கப் பயந்துகொண்டிருந்தவன், இப்ப உன்ரை வசனத்தைப் பிடிச்சுக்கொண்டு நிமிந்து நிக்கிறான். "ரொறொன்ரோ மாமாவே சொல்லிப்போட்டார், நான் செய்யிறதுதான் கூடக் கஷ்டமாம். கஷ்டமானதைச் செய்யிறவனுக்கு லேசானது வராதே?" இதுதான் அவன்ரை கணக்கு. கேட்டால் சரிபோலைதான் கிடக்கு. தங்கச்சிக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை. புரோக்கர் வந்து கிணத்தடி, வேலி, பாதை எல்லாம் பாத்திட்டுப் போட்டான்.

நீ சொன்னது பொய்யெண்டால் எனக்கு வேலை சுகம். "மாமா சும்மா விட்டவர்" எண்டு முடிச்சிருப்பன். ஆனால் நீ சொன்னது உண்மை. இந்த நாளாய் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். நெசத்தை விடச் சிமியுலேற்றர் கஷ்டமாயிருக்கு எண்டால், அந்தக் கஷ்டம் எங்கையிருந்து வருது?

போன கிழமை அவனுக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டு இருந்து பாத்தனான். 2020 இலை வந்த மைக்ரோசொஃப்ற் ஃப்ளைற் சிமியுலேற்றர், செய்மதிப் படங்களை வைச்சுப் பூமி முழுக்கக் கட்டினது. அதே செஸ்னா 172. மயிலிட்டிக் கடலுக்கு மேலாலை பலாலிக்கு இறக்கிறான். இறக்கைக்குப் பின்னாலை இறக்கிற ஃப்ளாப் தட்டை முழுக்க விட்டு, வேகத்தை 65 நொட்டிலை பிடிச்சு, மூக்கு இடம் வலம் ஆடாமல் வடிவாய்த்தான் கொண்டு வந்தான். ஓடுபாதைக்குக் கிட்ட வந்து மூக்கைத் தூக்கிற இடத்திலைதான் ஆய்க்கினை. நிலம் எவ்வளவு கீழை கிடக்கு எண்டு அவனுக்குத் தெரியேல்லை. கூடத் தூக்கிப்போட்டான். பிளேன் கொஞ்சத்தூரம் மிதந்து, வேகம் செத்து, தொப்பெண்டு விழுந்துது. அவன்ரை நெத்தியிலை வேர்வை.

அவனிலை பிழை இல்லை. நெசப் பிளேனிலை நீ நிலத்தின்ரை கிட்டத்தை முன்னுக்குப் பாத்து மட்டும் அறியிறதில்லை. ரெண்டு கடைக்கண்ணாலையும் நிலம் ஏறி வாறது தெரியும், கதிரை உனக்குக் கீழை இறங்கிறது தெரியும், வேகம் குறையக் குறைய யோக் எண்ட சுக்கான் இளகிறது கையிலை தெரியும். அவனுக்கு இருக்கிறது ஒரு தட்டை மொனிற்றரும் ஸ்பிறிங் பூட்டின ஜோய்ஸ்ரிக்கும். ட்றிம் சக்கரத்தை நீ உருட்டினால் கையிலை இருந்த பாரம் கழண்டு போகும். அவன்ரை ஸ்பிறிங்குக்கு அது ஒண்டும் தெரியாது, எப்பவும் நடுவுக்குத்தான் இழுக்கும்.

வல்வெட்டித்துறையிலை கொக்கன் பட்டம் ஏத்தினதை நினைச்சுப் பார். மேல் முச்சைக் கயிறை ஒரு விரற்கடை கூட்டினால் பட்டம் காத்துக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிண்டு இழுக்கும், ஏறாது. குறைச்சால் காத்தை வெட்டிக்கொண்டு ஏறும். கண்ணை மூடிக்கொண்டு நிண்டாலும் நூல் விரலுக்குச் சொல்லும், காத்து விழுந்திட்டுது, இப்ப இழு எண்டு. பிளேன் இறக்கைக்கும் அதே கோணம்தான், பதினைஞ்சு பாகைக்குக் கிட்டப் போனால் காத்து இறக்கையை விட்டுக் கழண்டிடும். பெடிக்கு அந்தப் பாகை பாடம். விரலிலை நூல்தான் இல்லை.

பார், சிமியுலேற்றரின்ரை கணக்கிலை பொய் இல்லை. எக்ஸ்-பிளேன் எண்டொரு சிமியுலேற்றர் இருக்கு, இறக்கையைத் துண்டு துண்டாய்ப் பிரிச்சு ஒவ்வொரு துண்டையும் காத்து எவ்வளவு தள்ளுது எண்டு பறக்கப் பறக்கக் கணக்குப் பாக்குது. அவ்வளவு நேர்மை. ஆனால் அந்தக் கணக்குக்கும் பெடியின்ரை உடம்புக்கும் இடையிலை ஒரு கண்ணாடி. அவன் படுற கஷ்டத்திலை அரைவாசி அந்தக் கண்ணாடியாலை வாறது. அதை அவன் பறப்பின்ரை கஷ்டம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான்.

இதோடை நிண்டால் பரவாயில்லை, அவன் இன்னும் சுகமாய்ப் பறப்பான் எண்டு நானே காணியை வித்துக் குடுப்பன். எனக்குப் பயம் மற்றப் பக்கத்தாலை. நெசத்திலை கஷ்டமாயிருக்கிற சிலது சிமியுலேற்றரிலை பச்சைத்தண்ணி. முகிலுக்குள்ளை போறதை எடு. வெளியாலை ஒண்டும் தெரியாத நேரம் எங்கடை காது பொய் சொல்லத் தொடங்கும். பிளேன் சரிஞ்சு சுத்திக்கொண்டு இறங்கும், உடம்பு நேராய்ப் போறன் எண்டு சத்தியம் பண்ணும். 1954 இலை இலினோய் பல்கலைக்கழகத்திலை செய்த ஆய்வு உனக்குத் தெரிஞ்சிருக்கும். கருவி பாத்துப் பறக்கப் பழகாத இருவது மாணவரை வெளி தெரியாத நிலைமையிலை ஓட விட்டவை. இருவது பேரும் கட்டுப்பாட்டை விட்டிட்டினம், சராசரி 178 செக்கன். மூண்டு நிமிசமும் இல்லை மச்சான். எங்கடை பெடி மாரிகால முகிலுக்குள்ளை போட்டால் அரைமணித்தியாலம் ஓட்டிக் காட்டுவான், பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு. ஏனெண்டால் அவன்ரை காது அசையாத கதிரையிலை இருக்கு, பொய் சொல்ல அதுக்கு வழியில்லை. அவன் தனக்கு அது வரும் எண்டு நினைக்கிறான். எனக்கு நித்திரை வராததுக்கு இதுதான் காரணம்.

இன்னொண்டும் சொல்ல வேணும். அவன் ஓடேக்கை அம்மா குசினிக்குள்ளையிருந்து முத்தத்துக்கு வந்து வானத்தைப் பாத்தவ. ஸ்பீக்கரிலை கேட்ட புறொப்பெல்லர் சத்தம். உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சண்டைக்காலத்திலை குண்டு போட வாறது சியாமாச்செற்றியோ, புக்காராவோ, அவ்றோவோ எண்டு சத்தத்திலையே பிரிச்சுச் சொல்லி, பங்கருக்குள்ளை ஓடிப்போய் இருந்த ஆக்கள் நாங்கள். இவனுக்கு வானம் எண்டால் போறதுக்கான இடம். மண்டைதீவையும் பண்ணைப் பாலத்தையும் மேலையிருந்து காட்டி, "மாமா, எங்கடை ஊர் எவ்வளவு வடிவு பாருங்கோ" எண்டான். அவனைப் பறக்காதை எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. அதையும் நீ விளங்கிக்கொள்ள வேணும்.

இனித்தான் உனக்கு நான் சொல்ல விரும்புற விசயம். அவன் விண்வெளி விளையாட்டும் விளையாடுறவன். நான் அதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு எண்டுதான் நினைச்சிருந்தனான். அனேகமானது அப்பிடித்தான். எஞ்சினை நிப்பாட்டினால் கப்பல் நிண்டிடும், திரும்பேக்கை பிளேன் மாதிரிச் சரியும், காத்தே இல்லாத இடத்திலை வெடிச்சத்தம் கேக்கும். பிளேனைக் கறுப்புத் துணிக்குள்ளை ஓட விட்டிருக்கிறாங்கள். காரணமும் இருக்கு. 1984 இலை வந்த எலீற் எண்ட விண்வெளி விளையாட்டிலை கப்பல் பிளேன் மாதிரித்தான் ஓடும். 1993 இலை அதன்ரை அடுத்த பாகத்திலை நியூட்டனின்ரை விதியை அப்பிடியே வைச்சவை. சண்டை பிடிக்கப் போனால் ஒருத்தனை ஒருத்தன் பயங்கர வேகத்திலை கடந்து போறதும், பிறகு திரும்பி வர மினக்கெடுறதுமாய்ப் போச்சு. 2014 இலை திரும்ப வரேக்கை வேகத்துக்கு ஒரு எல்லையைப் போட்டிட்டினம். விளையாடுறவனுக்குச் சுகம், விதி போச்சு.

ஆனால் பெடி இருக்கிறது கேர்பல் ஸ்பேஸ் புறோகிராம் எண்ட ரொக்கெற் விளையாட்டிலை. அதையும் லேசாக்கித்தான் வைச்சிருக்கு. அதிலை ரொக்கெற் கிளம்புற கிரகத்தின்ரை ஆரை 600 கிலோமீற்றர்தான், பூமியின்ரை பத்திலை ஒண்டுக்கும் குறைவு. சுற்றுப்பாதையிலை நிக்கச் செக்கனுக்கு 2.3 கிலோமீற்றர் போதும், பூமிக்கெண்டால் 7.8 வேணும். ஆனால் லேசாக்கிறது வேறை, பொய்யாக்கிறது வேறை. விதியிலை கை வைக்கேல்லை. முன்னுக்குப் போற கப்பலைப் பிடிக்க வேணுமெண்டால் அதுக்குப் பின்னாலை எஞ்சினைப் போடக்கூடாது, போட்டால் பாதை உயரும், பெரிய வட்டம், இன்னும் பிந்திப் போவாய். வேகத்தைக் குறைச்சுக் கீழை இறங்க வேணும், கீழ்ப்பாதையிலை சுத்து கெதியாய் முடியும், அப்பதான் எட்டிப் பிடிக்கலாம். 1965 ஆனியிலை ஜெமினி 4 எண்ட அமெரிக்க விண்கலத்திலை போன மக்டிவிற், தங்கடை ரொக்கெற்றின்ரை கழண்ட பாகத்தைப் பாத்து நேராய் எஞ்சினைப் போட்டுப் போட்டு, கிட்டப் போக ஏலாமல் எரிபொருள் குறையக் கைவிட்டவர். அவர் ஜெற் பைலற், வானத்திலை பழகின கை. அந்தக் கையாலைதான் கரைச்சல் வந்தது. எங்கடை பெடி இதைக் கொப்பியிலை கீறி எனக்குப் படிப்பிச்சான். அந்த நேரம் அவன்ரை முகத்தை நீ பாத்திருக்க வேணும்.

பேந்து தன்ரை போனிலை இன்னொண்டு காட்டினான். ஸ்பேஸ்எக்ஸ் கொம்பனி 2020 இலை விட்ட டொக்கிங் சிமியுலேற்றர், கலத்தை விண்வெளி நிலையத்தோடை பொருத்திப் பழகிறது, பிறவுசரிலையே ஓடும். அவையின்ரை ட்ராகன் கலத்திலை விண்வெளிவீரர் கையாலை ஓட்டுறதெண்டால் எந்தத் திரையைத் தொடுவினமோ அதே மாதிரித் திரை. எண்களை எல்லாம் 0.2க்குக் கீழை கொண்டுவந்து மெல்ல மெல்லத் தொட வேணும். அவசரப்பட்டால் முடிஞ்சுது. அவன் மூச்சுப் பிடிச்சுக்கொண்டு, ஒரு தட்டுத் தட்டுறது, பாத்துக்கொண்டிருக்கிறது, பிறகு மற்றத் தட்டு. தொட்டிட்டான்.

அப்பதான் மச்சான் எனக்குப் பொறி தட்டினது. அங்கை மேலை இருக்கிற ஆளுக்கும் கையிலை நூல் இல்லை. காத்து இல்லை, பாரம் இல்லை. அவருக்கும் ஒரு திரையும் எண்களும்தான். நெசம் கண்ணாடிக்கு மற்றப் பக்கம் நிக்கேல்லை, கண்ணாடியிலைதான் இருக்கு. பிளேனிலை பெடி உடம்பால் அறிய வேண்டியதை மொனிற்றரிலை தேடித் தவிக்கிறான். விண்வெளியிலை மூளையால் அறிய வேண்டியதை மூளையால் அறிஞ்சிருக்கிறான். அது முழுசாய் அவனுடையது, ஒருத்தரும் பறிக்க ஏலாது. எல்லாரும் விளையாட்டு எண்டு சொல்லுறதிலைதான் அவன் நெசமாய்ப் படிச்சிருக்கிறான். அவனுக்கு ஒர்பிற்றர் எண்ட விண்வெளிச் சிமியுலேற்றரையும் இறக்கிக் குடுத்திருக்கிறன். லண்டன் யூனிவேர்சிற்றி கொலிஜிலை இருந்த மார்ட்டின் ஷ்வைகர் எழுதினது, சதம் குடுக்கத் தேவையில்லை, அதிலை பூமி பூமியின்ரை அளவிலையே இருக்கு. ராவு ஒரு மணி மட்டும் லைற் எரியுது.

இவன் பொறியியலுக்குப் போனால் எங்கையோ நிப்பான் எண்டு என்ரை மனம் சொல்லுது. ஆனால் அதை நான் சொன்னால் "மாமா காணியைக் காப்பாத்தப் பாக்கிறார்" எண்டு நினைப்பான். நீ சொன்னால் கேப்பான். உன்ரை வசனத்துக்கு மிச்சத்தையும் நீயே சொல்ல வேணும்.

சும்மா பயப்பிடுத்தாதை. நெசப் பிளேன் ஏன் சுகமாயிருந்தது எண்டு விளங்கப்படுத்து, கையிலையும் கதிரையிலையும் என்ன தெரிஞ்சது எண்டு. அதோடை, முதல் நாள் வெய்யில் காத்திலை பிளேன் குலுங்கி நீ பையுக்குள்ளை சத்தி எடுத்த கதையையும் சொல்லு. எனக்கு மட்டும் சொல்லி வைச்சிருக்கிறாய், இனி அதுக்கு மரியாதை பாக்காதை. உங்கை தனியார் லைசென்சுக்குக் குறைஞ்சது 45 மணித்தியாலம், தொழில் லைசென்சுக்கு 200 எண்டு சொன்னனி. அந்த மணித்தியாலம் ஒவ்வொண்டுக்கும் என்ன காசு, லைசென்ஸ் எடுத்த பிறகு வேலைக்கு எவ்வளவு காலம் காத்திருக்கிறாங்கள், நீ பிளேன் ஓடுற இடத்து ஹாங்கருக்கு வாற பெடியள் என்ன சொல்லுறாங்கள், எல்லாம் ஒளிக்காமல் சொல்லு.

நான் தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறது இதுதான். காணி அவசரமில்லை. முதல்லை மெடிக்கல் செய்யட்டும், கண் நிறம் பிரிக்குதோ, காது சரியோ எண்டு பாக்கட்டும். பிறகு இரத்மலானை விமானநிலையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போறன். பயிற்சி ஆசிரியரோடை ஒரு பறப்பு ஏறட்டும். இறங்கி வந்த பிறகும் வேணும் எண்டு நிண்டால், காணியைப் பற்றி அப்ப கதைப்பம், நானும் சேந்து கதைப்பன். தங்கச்சி ஓம் எண்டிட்டா. தகப்பன் ஒண்டும் சொல்லேல்லை, புரோக்கரை மட்டும் தைப்பொங்கல் கழிய வரச்சொல்லியிருக்கிறார்.

அப்ப உனக்கு அதுவரைக்கும்தான் நேரம். சனிக்கிழமை எங்கடை ராவு எட்டுக்குப் பிறகு எடு, பெடி வீட்டிலைதான் நிப்பான். ஸ்பீக்கரிலை போட விடாதை, அவனோடை தனியக் கதை. முடிச்சிட்டு எனக்கு எடு.

வீட்டுக்காரிக்குச் சொல்லு, கேட்ட ஒடியல் மாவும் புழுக்கொடியலும் வாற ஆக்களிட்டைக் குடுத்து விடுறன்.

அன்புடன்,
உன்ரை கோண்டாவிலான்