பாழடைந்த நகரத்தின் பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போரும் இசையும் குறித்து ஞாயிறு மலரில் வெளியான கட்டுரையில் ஜெர்மானிய இசையமைப்பாளர் ருடால்ஃப் மவர்ஸ்பெர்கரின் பெயர் விடுபட்டது பெருங்குறை. 1889இல் பிறந்த இவர், 1930 முதல் 1971இல் மறையும் வரை ட்ரெஸ்டன் நகரத் திருச்சிலுவை ஆலயத்தின் சிறுவர் பாடகர் குழுவை, நாஜி ஆட்சி, போர், கிழக்கு ஜெர்மனி ஆட்சி என எல்லாவற்றினூடாகவும் நடத்தினார்.

1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் ஆலயம் எரிந்தது. குழுவின் சிறுவர் பதினொருவர் மாண்டனர். அடுத்த சில வாரங்களிலேயே, விவிலியத்தின் புலம்பல் நூலிலிருந்து வரிகளைத் தேர்ந்து, மக்கள் நிறைந்திருந்த நகரம் இப்படிப் பாழாய்க் கிடக்கிறதே என்று தொடங்கும் பாடலுக்கு, வாத்தியம் ஏதுமின்றி மனிதக் குரல்களை மட்டுமே நம்பி, அவர் இசையமைத்தார். ஆகஸ்ட் 4 அன்று, இடிந்து நின்ற அதே ஆலயத்தில், எஞ்சிய சிறுவர்கள் அதைப் பாடினர். பின்னர் இயற்றிய 'ட்ரெஸ்டன் ரெக்வியம்' என்ற, இறந்தோருக்கான வழிபாட்டு இசை அளவில் பெரியது. எனினும் என் செவிக்கு அந்தச் சிறு பாடலே கனமானது.

அவர் 1933இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். கட்டுரையாளர் அடுத்த பகுதியில் இவ்விரண்டையும் சேர்த்தே எழுதுவார் என எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்