ரெண்டு வருஷக் கணக்கு

பஹாவ், மலேசியா,
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

டிசம்பரில் வேலையை விட்டுவிட்டு பெர்த்துக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அது நடக்காதுப்பா. பண்ணையில் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா போனில் கோள் சொல்வதற்குள் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஏழு வாரம் சொட்டு மழை இல்லை. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி அடித்ததே, அந்த வருஷத்துக்கு அப்புறம் நான் இப்படித் தவித்ததில்லை. குளத்துத் தண்ணீர் நாற்றுக்கே பத்தவில்லை. சோளத்தைக் கைவிடச் சொன்னது நான்தான். என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு என் மேல் கோபம். ஆண்பூ மகரந்தத் தூளைக் கொட்டி முடித்த பிறகுதான் கதிரில் நூலே வெளியே வந்தது. ஒன்றை உரித்தேன். மொத்தம் பதினேழு முத்து, பொக்கைவாய் மாதிரி. "தூக்கிப் போடவா, டீச்சர்?" என்றான் ஒரு பையன். உட்கார்ந்து எண்ணு என்றேன். அறுபது கதிர் எண்ணினார்கள்.

எண்ணெய் எடுக்கும் செம்பனையில் தப்பு என்னுடையது. வெயிலுக்கு முன்பே மில்லிலிருந்து பழம் உதிர்த்த வெறுங்குலை ஒரு லோரி வரவழைத்து, ஈரம் நிற்க மரத்தைச் சுற்றிப் பரப்பச் சொன்னேன். ஒரே அடுக்காக என்று சொல்லிவிட்டு கூட்டத்துக்குப் போய்விட்டேன். கடைசி நிரையில் அப்படியே குவித்துவிட்டார்கள், நானும் திரும்பிப் பார்க்கவில்லை. மழைக்குப் பிறகு கிளறினால் உள்ளே கட்டைவிரல் பருமனில் காண்டாமிருக வண்டுப் புழு. பொறுக்கவே ரெண்டு நாள் ஆனது.

இப்போது மரம் பச்சையாகத்தான் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும், தாகத்தில் விரியாத குருத்து நாலைந்து ஈட்டி மாதிரி நிற்பது. ஒரு பூ ஆணா பெண்ணா என்பது, குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய ரெண்டு வருஷத்துக்கு முன்பே உள்ளுக்குள் முடிவாகிவிடும். தண்ணீர் இல்லையென்றால் ஆண்பூதான் அதிகம், அது குலையாகாது. இந்த மாத எடையைப் பார்த்து "தப்பிச்சோம்" என்கிறார்கள் மேலே இருப்பவர்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது, இந்த வெயிலின் அடி ரெண்டு வருஷம் கழித்துத்தானே எடையில் தெரியும். எந்த மரத்துக்கு வெறுங்குலை போட்டோம், எதற்குப் போடவில்லை, குருத்து எத்தனை என்று மரம்வாரியாக நோட்டில் வைத்திருக்கிறேன். நான் கிளம்பினால் அந்த நோட்டு அலமாரிக்குப் போய்விடும்.

போன வாரம் ஆண்பூ ஒன்றை வெட்டி வகுப்பில் வைத்தேன். சோம்பு வாசம், மேலெல்லாம் குட்டி வண்டு. 1981இல் கேமரூனிலிருந்து, மகரந்தம் சுமக்கும் இந்த வண்டைக் கொண்டுவந்து விடும் வரை, உன் பாட்டி மகரந்தமும் டால்கம் பவுடரும் கலந்து மரம் மரமாகப் பெண்பூவில் ஊதிக்கொண்டிருந்தார். "எனக்குப் பதிலா பூச்சிய வேலைக்கு வச்சுட்டான் தொரை" என்று கடைசி வரை சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகளிடம் சொன்னேன், தூக்கிப் போடவா என்று கேட்ட அந்தப் பையன்கூட வண்டை உள்ளங்கையில் ஏற்றிப் பார்த்தான்.

பரீட்சை முடிந்ததும் மூன்று வாரம் வருகிறேன். பேரனுக்கு ஒரு ஆண்பூ கொண்டுவர ஆசை, உங்கள் ஊர் கஸ்டம்ஸ் விடமாட்டான். படம் அனுப்புகிறேன். அப்பாவிடம் சண்டைக்குப் போகாதே, அவர் உன் கட்சிதான்.

அன்புடன்,
அம்மா